கைவலுக் குறைந்தவருக்குக் கைத்துப்பாக்கி: அமெரிக்காவில் எது சரிவரும், மலேசியாவில் நம்ம தாமானில் (குடியிருப்புப் பகுதி) என்ன வழி?

செந்தூல்காரன்

இரண்டு கேள்வி.

ஒன்று: 64 வயது பெரியம்மா. வலது கட்டைவிரல் அடிமூட்டில் வாதம். கண்புரை அறுவை முடிந்துவிட்டது. கிரீன் கார்டு கிடைத்து மகளோடு ஹியூஸ்டனில் தங்கப் போகிறார். வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைக்கலாம் என்கிறார் மருமகன். "சின்ன ரிவால்வர் எடுங்க, பெண்களுக்கு அதுதான் சுலபம்" என்று கடைக்காரர் சொன்னாராம். இந்தக் கைக்கு அது ஆகுமா?

இரண்டு: இங்கே தாமான் வாட்ஸாப் குழுவில், பக்கத்து லோரோங்கில் (சந்து) திருட்டு நடந்ததிலிருந்து "பிஸ்டல் லைசென்ஸ் போடலாமா", "கட்டிலுக்கடியில் பாராங் (வெட்டுக்கத்தி) வைக்கலாமா" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டம் என்ன, உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன?

"கவனமாக இருங்கள்" மட்டும் வேண்டாம். அது குழுவிலேயே நிறையக் கிடைக்கிறது.

லைட்ஸ்திரீட்_வக்கீல்

முதலில் அமெரிக்கச் சட்டம், ஏனென்றால் அங்கேதான் நம்மவர்கள் தெரியாமல் மாட்டுகிறார்கள். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். சுற்றுலா விசாவிலோ மாணவர் விசாவிலோ போனவர் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக்கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் போகும் தாத்தா பாட்டி ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். "சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்த்தேன்" என்று படம் எடுத்துப் போடாதீர்கள்.

மருமகன் தன் காசில் வாங்கி உண்மையான அன்பளிப்பாகக் கொடுக்கலாம். பெரியம்மா காசு கொடுத்து மருமகன் தன் பெயரில் வாங்கினால் அது குற்றம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் முதல் கேள்விகளில் ஒன்றே "உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா" என்பதுதான். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இன்னொன்று: டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பாதுகாப்பில்லாமல் விடுவது தனிக் குற்றம்.

திரும்பி வரும்போது கைப்பையில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் இங்கே அது 1960 ஆயுதச் சட்டத்தின் பிரச்சினை. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை விமானத்துக்கு எடுத்து வராதீர்கள். தையல் இடுக்கில் உருண்டு கிடக்கும்.

மலேசிய லைசென்ஸ்: மாநிலப் போலீஸ் தலைவரின் விருப்புரிமை. தாமானில் திருட்டு நடந்தது என்பதற்காகச் சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1960 சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. பொம்மை மாதிரி தெரியும் போலித் துப்பாக்கியையும் ஆயுதச் சட்டம் விட்டு வைக்கவில்லை. ஆன்லைனில் மலிவாக வருகிறதே என்று தட்டிவிடாதீர்கள்.

தற்காப்புரிமை பற்றி அப்புறம் எழுதுகிறேன், அது நீளம்.

நிபோங்_குறி

கடைக்காரர் சொன்னது எல்லாக் கடையிலும் சொல்வது. பாதி உண்மை. ரிவால்வரில் இழுத்துவிட ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி, பின்னுக்கு இழுத்து விட்டால் தோட்டா ஏறும்) இல்லை, அதனால் சுலபம் என்கிறார்கள். ஆனால் அந்த வேலை முழுவதும் ஆள்காட்டி விரலுக்குப் போய்விடுகிறது. ஸ்மித் அண்ட் வெஸனின் சின்ன ஜே ஃபிரேம் ரிவால்வரில், தோட்டாவை அடிக்கும் சுத்தியலையும் சேர்த்துத் தூக்கும் டபுள் ஆக்‌ஷன் விசையை (டிரிகர்) இழுக்கச் சுமார் 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோவுக்குப் பக்கம். க்ளாக் மாதிரி பிஸ்டலில் அது சுமார் இரண்டரைக் கிலோ. ஐந்தரைக் கிலோவை ஒரு விரலால், துப்பாக்கி அசையாமல், ஐந்து முறை இழுக்க வேண்டும். முதல் இரண்டு சரியாக வரும். மூன்றாவதிலிருந்து குழல் இடது கீழே குனியும்.

மேலும் அந்த "பெண்களுக்கான" அலுமினிய ரிவால்வர் நானூற்றுச் சொச்சம் கிராம்தான். எடை குறைந்தால் உதைப்பு கூடும். வாதக் கட்டைவிரலின் அடியிலேயே பின்புறம் வந்து இடிக்கும். ஐந்து தோட்டா சுட்டுவிட்டுப் பெட்டியில் வைத்தால் மறுபடி எடுக்கவே மாட்டார்கள். பயிற்சி இல்லாத துப்பாக்கி வீட்டில் இருப்பது இல்லாததைவிட மோசம்.

பிஸ்டல் பக்கம் வந்தால் இன்னொரு தவறான நம்பிக்கை: சின்னது என்றால் ஸ்லைடு இலகு. பெரும்பாலும் தலைகீழ். வால்தர் பிபிகே போன்ற பழைய பாயிண்ட் 380 (தோட்டாவின் அளவு) பிஸ்டல்களில் குழல் பூட்டிக்கொள்ளாது. தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குவது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே, அதனால் ஸ்பிரிங் கனமாகவே இருக்கும். நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டலை இழுப்பதைவிட இதை இழுப்பது கஷ்டமாக இருக்கலாம்.

பார்க்க வேண்டியவை:

ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி. பாயிண்ட் 380ல் 2018, 9 மி.மீ.யில் 2020. உள்ளே சுத்தியல் இருப்பதால் ஸ்பிரிங் இலகு. மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) கட்டைவிரலுக்கு அழுத்தப் பொத்தான் உண்டு, 8 தோட்டா. இரண்டு எச்சரிக்கை. பிடியின் பின்னால் ஒரு அழுத்துப் பூட்டு இருக்கிறது. உள்ளங்கை முழுதாக அழுத்தாவிட்டால் சுடாது. வளைந்துபோன கைகளில் இது நடக்கும், வாங்குமுன் பார்க்கணும். அடுத்து, 2020 மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை செய்த சிலவற்றில் சுத்தியல் குறைக்காகத் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார்கள். பழசு வாங்கினால் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள்.

ரூகர் செக்யூரிட்டி 380. 2023ல் வந்தது, ஸ்லைடு இலகு, பிடி பெரியது.

பெரெட்டாவின் குழல் தூக்கும் வகை: டாம்கேட், பாப்கேட். பக்கத்து நெம்பைத் தள்ளினால் குழலின் பின்பக்கம் எழும். தோட்டாவைப் போட்டு மூடினால் போதும், ஸ்லைடையே தொட வேண்டாம். குறை என்னவென்றால் பாப்கேட்டில் வெற்றுக்கூட்டை இழுக்கும் கொக்கி இல்லை. தோட்டா வெடிக்காமல் போனால் குழலைத் தூக்கி நகத்தால் நோண்டி எடுக்க வேண்டும். பாயிண்ட் 22 தோட்டாக்கள் அப்படிப் போவதும் மற்றவற்றைவிட அதிகம்.

ஸ்லைடை இழுக்கும் முறைதான் பாதி பிரச்சினை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி இழுக்கிறார்கள். அப்படி வேண்டாம். துப்பாக்கியை நெஞ்சுக்கருகே கொண்டு வந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் பின்பக்கமாகக் கவிழ்த்து நான்கு விரல்களால் பிடிக்கணும். அதன்பின் ஸ்லைடை இழுப்பதில்லை; வலது கையால் கீழ்ப்பகுதியை முன்னே தள்ளுவது. முதுகும் தோளும் வேலை செய்யும், விரல் செய்யாது. கடைசியில் ஸ்லைடைக் கூடவே கொண்டுபோய் விடக்கூடாது. பட்டென்று விட்டுவிடணும், இல்லாவிட்டால் தோட்டா பாதியில் நிற்கும். குழல் முழு நேரமும் இலக்குப் பக்கம், விரல் விசைக்கு வெளியே. இப்படித் தள்ளும்போது கவனிக்காவிட்டால் குழல் தன் இடது முழங்கையைப் பார்க்கும். எல்லாப் புதியவர்களும் செய்வது அதுதான்.

வெளியே சுத்தியல் உள்ள பிஸ்டல் என்றால் முதலில் சுத்தியலைப் பின்னுக்கு வைத்துவிட்டு ஸ்லைடை இழுங்கள். இழுவை கண்கூடாகக் குறையும்.

பட்டர்வொர்த்76

ரிவால்வரை இவ்வளவு கழற்றி எறிய வேண்டியதில்லை அண்ணே. பிஸ்டலில் மணிக்கட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதவே இல்லையே. ஸ்லைடு பின்னுக்குப் போகக் கீழ்ப்பகுதி அசையாமல் நிற்கணும். வலுவில்லாத கை கூடவே பின்னால் போனால் வெற்றுக்கூடு வாயில் சிக்கி நட்டமாக நிற்கும். அதை எடுக்க மறுபடி ஸ்லைடை இழுக்கணும், எதைச் செய்ய முடியாது என்கிறோமோ அதே. ரிவால்வரில் வெடிக்காவிட்டால் இன்னொரு தடவை விசையை இழுத்தால் அடுத்தது வரும். அலுமினியத்தை விடுங்கள். முழு எஃகு, நான்கு அங்குலக் குழல், பாயிண்ட் 38 ஸ்பெஷலில் தட்டைத்தலை வாட்கட்டர் தோட்டா. உதைப்பு மிக மென்மை.

நிபோங்_குறி

எஃகு ரிவால்வர் + வாட்கட்டர், விரலில் வலு இருந்தால், ஒத்துக்கொள்கிறேன். பாயிண்ட் 22 ரிவால்வர் என்று யாராவது தொடங்குமுன்: அதன் விசை பெரும்பாலும் இன்னும் கனம், விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கப் பலமான அடி வேண்டும்.

மணிக்கட்டுத் தளர்ச்சிக்குத் தீர்வு தோட்டாவை மாற்றிப் பார்ப்பதும், வாங்க நினைக்கும் அதே மாடலை வாடகைக்கு எடுத்து, அதே கையால், களைத்த பிறகும் சுட்டுப் பார்ப்பதும். 200 தோட்டாவில் இரண்டு தடவைக்கு மேல் சிக்கினால் அது அந்தக் கைக்கான துப்பாக்கி இல்லை. மேகசின் நிரப்ப அப்லூலா என்ற சின்னக் கருவி இருக்கிறது, பெரியவர்களுக்குக் கட்டாயம்.

கைச்சிகிச்சை_ஜெலுத்தோங்

கட்டைவிரல் அடிமூட்டு வாதம் என்றீர்கள். அந்த மூட்டுக்கு மிகக் கெட்டது கிள்ளும் பிடி. விரல் நுனியில் ஒரு கிலோ கிள்ளினால் அடியில் அதைப் போலப் பல மடங்கு சுமை விழும். அதனால் நிபோங் அண்ணன் சொன்ன உள்ளங்கைப் பிடி மருத்துவக் கணக்கிலும் சரி. மேகசின் நிரப்புவதுதான் அவருக்கு நிஜமான வலி, ஸ்லைடு அல்ல.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே அளக்கலாம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு, விமானப் பயணத்துக்கு வாங்குவதே, போதும். கொக்கியைக் கதவுப் பிடியில் மாட்டி, தராசின் கைப்பிடியில் மெல்லிய நாடா ஒன்றைக் கட்டி, ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக்கு முன்னால் உள்ள சதையால் நாடாவை இழுக்கச் சொல்லுங்கள். முழங்கை நீட்டி, கை அசையாமல். பத்துத் தடவை, இடையே இரண்டு வினாடி. பத்தாவது தடவையும் ஆறு கிலோவைத் தொட்டால் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரை யோசிக்கலாம். மூன்று நான்கில் நின்றால் அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். காலையில் எழுந்தவுடன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அளக்கணும். வாதக் கை காலையில் வேறு கை.

கண்: லென்ஸ் வைத்த கண் ஒரு தூரத்துக்குத்தான் கூர்மை. தூரத்துக்கு வைத்திருந்தால் முன் குறிமுள் மங்கும். சிவப்புப் புள்ளிக் கருவி இங்கே உதவும், இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் மிதக்கும். புள்ளி நட்சத்திரம் போலச் சிதறினால் கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். கைப்பேசிக் கேமராவால் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக வந்தால் சிதறல் கண்ணின் அஸ்டிக்மாடிசத்தால் (ஒளி ஒரே புள்ளியில் குவியாத குறை).

நடுக்கம், இரவில் தூக்க மாத்திரை, அடிக்கடி சர்க்கரை தாழ்வது, மறதி தொடங்குவது, வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு. இதில் ஒன்று இருந்தால் என் பதில்: துப்பாக்கி வேண்டாம். மாடல் தேடுவது வீண்.

பிரிக்பீல்ட்ஸ்_பூட்டு

பெட்டி பற்றி யாரும் சொல்லவில்லை. கைரேகைப் பெட்டி வாங்காதீர்கள். வங்கியில் ஐசியை (அடையாள அட்டை) போட்டுக் கட்டைவிரல் வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, ஊழியர் "வேற விரல் வைங்க அம்மா" என்று சொல்லும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். தேய்ந்த, காய்ந்த ரேகை. இரவு மூன்று மணிக்கு அந்த நாடகம் வேண்டாம். பெரிய பொத்தான்கள் உள்ள எண் பூட்டு, போல்ட்டால் தரையிலோ அலமாரியிலோ இறுக்கியது. பேட்டரி ஆறு மாதத்துக்கொரு முறை. மாற்றுச் சாவி பெட்டிக்குள் இருக்கக்கூடாது (சிரிக்காதீர்கள், அங்கேதான் வைக்கிறார்கள்).

துப்பாக்கியின் சேம்பருக்குள் (குழலின் பின்முனை) தோட்டா ஏற்றாமல் வைத்து "வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம்" என்பது வலுவான கைக்குச் சொன்னது. பதற்றத்தில் இந்தக் கை இழுக்காது. ஏற்றிய நிலையில், விசையை முழுதாக மூடும் ஹோல்ஸ்டருக்குள் (துப்பாக்கி உறை), பூட்டிய பெட்டிக்குள். அப்படி வைக்க மனம் ஒப்பவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கைப்பையில் கொண்டுபோவது பற்றிப் பெரியம்மா கேட்பார் என்று நினைக்கிறேன். பையைப் பறித்தால் துப்பாக்கியும் போகும், பறித்தவன் கையில் இருக்கும். சக்கர நாற்காலி, கைத்தடிக்காரர்களுக்கும் இடுப்பு ஹோல்ஸ்டர் ஒத்துவராது. நாற்காலியின் கை மறிக்கும், உட்கார்ந்தபடி உருவினால் குழல் சொந்தத் தொடையைத் தடவிப் போகும். கைத்தடிக்காரர் ஒற்றைக் கையால் சுடத்தான் பழகணும், மற்றக் கை தடியில்.

செந்தூல்காரன்

நன்றி. தராசு வாங்கியாச்சு, பெரியம்மா இழுத்தது காலையில் 3.1, மாலையில் 4.4. ரிவால்வர் முடிந்தது. இங்கே உள்ள வீட்டுக் கேள்வி இன்னும் பாக்கி.

நிபோங்_குறி

இரண்டு கேள்விக்கும் ஒரே கணக்கு. 1983ல் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டெனிஸ் டூலர் எழுதியது: கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடக்கிறான், பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உருவிச் சுடுவதற்கும் அவ்வளவு நேரம் ஆகிறது. நம்ம லிங்க் வீடு (வரிசையாக ஒட்டிய வீடு) 20 அடிக்கு 65 அடி. அதாவது வீட்டின் முழு அகலம் அந்த 21 அடிக்கும் ஒரு அடி குறைவு. 64 வயதுக்காரர் கண் விழித்து, கண்ணாடி தேடி, எண் அழுத்தி, எடுத்து நிமிர எத்தனை வினாடி? நானூறு டாலர் துப்பாக்கியோ, பாராங்கோ, அந்த நேரத்தை உண்டாக்காது. உண்டாக்குவது கதவு.

உருவும் வேகத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள் படுக்கையறைக் கதவு காலி அட்டைக் கதவு என்பதைக் கவனிப்பதில்லை. ஒரு உதைக்கு உள்ளே வந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்_பூட்டு

என் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். நடக்க முடியாதவர் தூங்கும் அறையாகவே அது இருக்கட்டும், ஏனென்றால் அவரை இன்னொரு அறைக்குக் கொண்டுபோக நேரம் இருக்காது. அதற்கு முழு மரக் கதவு, மூன்று கீல், உள்ளிருந்து திருகும் குமிழுடன் டெட்போல்ட் (சட்டத்துக்குள் போகும் கனத்த தாழ்). சாவிப் பூட்டு வேண்டாம். வாத விரல் இருட்டில் சாவியைத் துளைக்குள் விடாது. குமிழுக்குப் பதிலாக நெம்புப் பிடி கிடைத்தால் இன்னும் நல்லது, முழங்கையால்கூட இறக்கலாம். கைப்பேசி சார்ஜர், டார்ச், வெளியில் மாட்டிய சைரனுக்கான பொத்தான் மூன்றும் அதே அறையில்.

கிரில். திருடனுக்காகப் போட்டு, தீயில் உள்ளேயே மாட்டிக்கொள்வது நம்ம ஊர் வியாதி. ஒவ்வொரு கிரில்லுக்கும் வேறு வேறு பூட்டு, சாவிக்கொத்தில் பதினெட்டுச் சாவி. வீட்டுப் பூட்டுகள் எல்லாம் ஒரே சாவியில் திறக்கும்படி வாங்கலாம். கடையில் கேட்டால் அதே எண் போட்ட பூட்டுகளைச் சேர்த்துத் தருவார்கள். சாவி கிரில்லுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து கம்பி விட்டால் எட்டாத இடத்தில், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில். பினாங்கில் கடல் காற்று. மூன்று மாதத்தில் பூட்டு இறுகும். சமையல் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து கோந்தாகும். கிராஃபைட் தூள் அல்லது சிலிக்கோன் ஸ்ப்ரே.

ஆட்டோ கேட்: பின்தொடர்ந்து வந்து கேட் மூடுமுன் நுழைவதுதான் முறை. கேட் முழுதாக மூடும்வரை காருக்குள், கதவுகள் பூட்டி, இன்ஜின் ஓட, ரிவர்ஸ் கியர் போட வழி விட்டு. பின்னால் மோட்டார் சைக்கிள் நின்றால் கேட்டைத் திறக்காமலே நேராகப் போய் போலீஸ் நிலையமோ பெட்ரோல் நிலையமோ. மின்சாரம் போனால் கேட்டைக் கையால் விடுவிக்கும் சாவி எங்கே என்று இப்போதே தேடிப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது லா.

லைட்ஸ்திரீட்_வக்கீல்

தற்காப்புரிமை. தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை. நான்கு வரியில் வேண்டுமானால்:

97: தன் உடல், பிறர் உடல், சொத்து, எல்லாவற்றுக்கும் உரிமை உண்டு. 99: போலீஸ் உதவி நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் காயம் செய்யவும் உரிமை இல்லை. 100: உயிர்ப்பயம், கொடுங்காயப் பயம், பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றில் மட்டும் எதிரியின் உயிர் போகும் அளவுக்கு. 103: சொத்து விஷயத்தில் கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது போன்றவற்றுக்கு அதே அளவு.

ஆட்கள் தடுக்கி விழும் இடம் 102ம் 105ம். பயம் நீடிக்கும்வரைதான் உடல் தற்காப்பு. திருடன் கேட்டைத் தாண்டி ஓடும்போது நீங்கள் பாராங்கோடு லோரோங் முனைவரை துரத்திப் போய் வெட்டினால், அந்த இடத்தில் உங்கள் உயிருக்கு என்ன ஆபத்து இருந்தது என்றுதான் நீதிமன்றம் கேட்கும். தாமான் பையன்கள் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதற்கும் இதே பதில். பிடித்த பிறகு அடித்தது தற்காப்பு இல்லை.

வீட்டில் பாராங் இருப்பது தோட்ட வேலைக்கு என்றால் சரி. கார் இருக்கைக்கடியில் வைத்துக்கொண்டு சுற்றினால் 1958ஆம் ஆண்டின் அரிபொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம் பாயும். சட்டபூர்வமான காரணத்தை நீங்கள்தான் காட்டணும், தண்டனை சிறையும் பிரம்படியும். "பாதுகாப்புக்கு" என்று சாலைத் தடுப்பில் வாய்விட்டுச் சொல்வது உங்களுக்கு எதிரான வாக்குமூலம் ஆகிவிடும்.

999க்கு அழைத்தால் முதல் வாக்கியத்திலேயே முகவரி. தாமான் பெயர், லோரோங் எண், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது கடை. "திருடன், திருடன்" என்பது இரண்டாவது.

பட்டர்வொர்த்76

உள்ளே துப்பாக்கி இருந்தாலும், கதவுக்கு உள்ளேயே இருந்து போலீஸ் வரும்வரை வெளியே போகாமல் இருப்பது ஹியூஸ்டனிலும் பொருந்தும். ஹாலில் நிற்பது பேரனாகவும் இருக்கலாம். சுவர் ஜிப்சம் பலகை, தோட்டா நிற்காது.

மூடிய அறையில் ஒரு 9 மி.மீ. சத்தம் சுமார் 160 டெசிபல். கேட்கும் கருவி போட்டவர் அதைக் கழற்றிவிட்டு மின்னணுக் காதுறை போடப் பழகட்டும், அது சின்னச் சத்தத்தைப் பெருக்கும், வெடிச் சத்தத்தை அடக்கும். பெட்டிக்குப் பக்கத்திலேயே.

செந்தூல்காரன்

கடைசிக் கேள்வி. கதவு பலப்படுத்தும் அமெரிக்க வீடியோக்களில் மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டால் போதும் என்கிறார்கள். நம்ம வீட்டுக்கும் அதேதானா?

பிரிக்பீல்ட்ஸ்_பூட்டு

இல்லை. அங்கே சுவருக்குள் மரச் சட்டம். மூன்று அங்குலம் போனால் அந்தச் சட்டத்தைப் பிடிக்கும். ஹியூஸ்டன் வீட்டுக்கு அதைச் செய்யச் சொல்லுங்கள், போல்ட் போகும் தகட்டிலும் ஒவ்வொரு கீலிலும் இரண்டு. இங்கே செங்கல் சுவர். நீள ஸ்க்ரூ மரச் சட்டத்தைத் தாண்டிப் போய் பூச்சில் சும்மா நிற்கும், பிடிப்பு பூஜ்யம். நமக்கு வேண்டியது சட்டத்தையும் செங்கலையும் சேர்த்துப் பிடிக்கும் நீளப் பிளக்குடன் வரும் ஃபிரேம் ஆணி. சட்டம், பூச்சு இரண்டையும் கழித்து, செங்கலுக்குள் குறைந்தது ஐந்து செண்டிமீட்டர் போகணும். ஒரு பக்கத்துக்கு மூன்று: கீல் உயரங்களில் இரண்டு, பூட்டு உயரத்தில் ஒன்று. கதவுச் சட்டம் செங்கால் என்ற கடின மரம் என்றால் முதலில் சின்னத் துளை போடாமல் ஸ்க்ரூவை முறுக்காதீர்கள். தலை கையோடு வந்துவிடும், மிச்சத்தை எடுக்க அரைநாள்.